தேடாமலே திரையில் வந்து விழும் ஆபாசம்: பதின்ம வயதுப் பிள்ளைகளின் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்கும் கேள்விகள்

10 முதல் 17 வயது வரையுள்ள பிள்ளைகள் தாங்கள் தேடிப் போகாமலே ஆபாசப் படத்தையோ வீடியோவையோ பாலியல் செய்தியையோ எதிர்கொள்வதைப் பற்றிய பக்கம் இது. தாங்களாகவே தேடிப் பார்க்கும் பழக்கம் தனி விஷயம். இரண்டும் உரசும் இடங்களில் மட்டும் அதைத் தொடுகிறோம்.

எத்தனை பிள்ளைகளுக்கு இது நடக்கிறது?

அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10–17 வயதினரிடம் மூன்று முறை நாடு தழுவிய கருத்தாய்வு நடத்தினார்கள். முந்தைய ஓராண்டில் விரும்பாமலே ஆபாசத்தைப் பார்க்க நேர்ந்தது என்றவர்கள் 2000 வாக்கில் 25%, 2005இல் 34%, 2010இல் 23%. பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2018இல் வெளிவந்த ஒரு தொகுப்பாய்வு, ஐந்தில் ஒருவருக்கு இப்படி நேர்ந்ததாகவும், ஒன்பதில் ஒருவருக்கு வேண்டாத பாலியல் அழைப்பு வந்ததாகவும் சொல்கிறது.

அதே அமெரிக்கக் கருத்தாய்வுகளில் இன்னொரு எண்ணும் இருக்கிறது. கேட்கப்பட்ட எல்லாப் பிள்ளைகளிலும், பார்த்தது தன்னை மிகவும் பாதித்தது என்றவர்கள் முறையே 6%, 9%, 5%தான். 2010இல் 25 ஐரோப்பிய நாடுகளில் 9–16 வயதினரிடம் கேட்டபோதும், இணையத்தில் பாலியல் படங்களைப் பார்த்தவர்களில் சுமார் மூன்றில் ஒருவரே மனம் சங்கடப்பட்டதாகச் சொன்னார்கள். உங்கள் பிள்ளை பார்த்திருக்க வாய்ப்பு கணிசம். அதனால் நொறுங்கிப் போயிருக்க வாய்ப்பு குறைவு. அந்தச் சிறு கூட்டத்தில் உங்கள் பிள்ளையும் ஒருவரா என்று கண்டுகொள்வதுதான் பெரியவர்களின் வேலை.

தேடாமல் எப்படி வந்து சேர்கிறது?

கூகுளில் எழுத்துப் பிழையோடு தேடியதால்தான் வந்தது என்று பலர் நினைக்கிறார்கள். இன்று அது சிறு பங்குதான். அடிக்கடி நடப்பவை வேறு.

வகுப்புத் தோழர்களின் வாட்ஸ்அப் குரூப்பில் யாரோ ஒருவர் போடும் வீடியோ, ஸ்டிக்கர். ஆட்டோ டவுன்லோட் இயங்கினால் வீடியோ நேரே கேலரிக்குப் போய்விடும். குரூப்பைத் திறக்காத பிள்ளையின் போனிலும் இருக்கும். பிறகு அம்மா கேலரியில் பார்த்துவிட்டு, பிள்ளையே சேமித்து வைத்ததாக முடிவு கட்டுவது மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு.

அறிமுகமில்லாத எண் டெலிகிராமில் ஏதோ ஒரு சேனலில் சேர்த்துவிடுவது. இலவசப் படம், பாட்டு, கேம் தரும் தளங்களில் பிளே பட்டன் போலவே வேடமிட்டிருக்கும் விளம்பரம். அந்தத் தளங்கள் 'நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்துங்கள்' என்று கேட்கும். அழுத்தினால் பிரவுசர் நோட்டிஃபிகேஷன் அனுமதி கிடைத்துவிடும். அதன்பிறகு போனைத் தொடாமல் வைத்திருந்தாலும் ஆபாச விளம்பரம் மேலே வந்து கொண்டேயிருக்கும். வைரஸ் என்று போனையே ரீசெட் செய்பவர்கள் உண்டு. அது தேவையில்லை: குரோம் அமைப்புகளில் தள அமைப்புகள், அதற்குள் நோட்டிஃபிகேஷன், அங்கே தெரியாத தளங்களின் அனுமதியை நீக்கினால் நின்றுவிடும்.

இவை தவிர, இன்ஸ்டாகிராம் மெசேஜில் அந்நியர் அனுப்பும் அந்தரங்கப் படம், பஸ்ஸிலோ வகுப்பறையிலோ ஏர்டிராப் (பக்கத்திலுள்ள ஐபோனுக்கு நேரடியாகப் படம் அனுப்பும் வசதி) வழியாக வரும் படம், கேம் சாட்டில் நட்பாகி மெல்ல மெல்லப் பாலியல் பேச்சுக்கு மாறுபவர். கடைசியில் சொன்னது மற்றவற்றைப் போன்ற விபத்து அல்ல. வேறொரு செயலிக்குப் போய்ப் பேசலாம், வீட்டில் சொல்லாதே என்று கேட்டுவிட்டாலே ஒருவர் திட்டத்தோடு நெருங்குகிறார் என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

பார்த்த உடனே பிள்ளைக்குள் என்ன நடக்கும்?

அருவருப்பு, அதிர்ச்சி, பயம், ஆர்வம், சிரிப்பு என எல்லாம் வரலாம், ஒரே நேரத்திலும் வரலாம். நண்பர்களோடு சேர்ந்து சிரித்தவன் இரவில் தூங்காமல் கிடப்பதும் உண்டு. எனவே அந்த நேரத்துச் சிரிப்பை வைத்து 'இவனுக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று தீர்மானிக்க முடியாது.

பெரும்பாலும் யாரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று இருக்கிறது. அருவருப்பாக உணரும்போதே உடல் கிளர்ச்சி அடையலாம். தும்மல் போல அது உடலின் அனிச்சை. மனம் சம்மதித்தது என்று பொருளில்லை. இதை அறியாத பிள்ளை, 'எனக்கே பிடித்திருக்கிறது போல, நான்தான் மோசம்' என்று முடிவு செய்துவிடுகிறது. வெளியே சொல்லாமல் புதைத்து வைப்பதற்கு இந்தக் குற்ற உணர்வு ஒரு பெரிய காரணம். 11, 12 வயதிலேயே, எந்தச் சம்பவமும் நடப்பதற்கு முன்பே, இதை ஒரே வாக்கியத்தில் சொல்லி வைப்பது நல்லது.

ஒரே ஒரு முறை பார்த்தால் மூளை பாதிக்கப்படுமா?

இல்லை. ஒரு முறை பார்ப்பது மூளையை நிரந்தரமாக மாற்றிவிடும் என்பதற்கு ஆதாரம் இல்லை. பிள்ளையைப் பயமுறுத்த இப்படிச் சொல்ல வேண்டாம். ஏற்கெனவே கலங்கியிருக்கும் பிள்ளை அதை நம்பிவிடும்.

நீண்ட கால விளைவுகள் என்ன?

1995 முதல் 2015 வரை வந்த ஆய்வுகளை அலசிய ஒரு மதிப்பாய்வு, பதின்ம வயதில் ஆபாசம் பார்ப்பதற்கும் தளர்ந்த பாலியல் மனப்போக்கு, ஆண் இப்படித்தான், பெண் இப்படித்தான் என்ற ஒரே அச்சான எண்ணங்கள், பாலியல் வன்முறை ஆகியவற்றுக்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்கிறது. எது காரணம், எது விளைவு என்பதை மட்டும் அந்த ஆய்வுகளால் உறுதி செய்ய முடியவில்லை. ஏற்கெனவே மனச்சோர்வில், தனிமையில் இருக்கும் பிள்ளை இத்தகைய உள்ளடக்கத்தை அதிகம் எதிர்கொள்ளவும் கூடும். அதனால் மேலும் சோர்வடையவும் கூடும். பெரும்பாலான ஆய்வுகள் விரும்பிப் பார்ப்பதையும் வேண்டாமல் பார்க்க நேர்வதையும் பிரிக்காமலே அளக்கின்றன என்பதையும் மனதில் வைக்க வேண்டும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை மூன்று. முதலாவது, பாலுறவு பற்றிய முதல் பாடமே இதுவாகிவிடுவது. கழுத்தை நெரிப்பதும், சம்மதம் கேட்காததும், வலியை இன்பமாகக் காட்டுவதும் நடிப்பு என்று யாரும் சொல்லித் தராவிட்டால், அதுதான் வழக்கம் என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும். இரண்டாவது, தன் உடலின் மீது வரும் வெறுப்பு. இது பெண் பிள்ளைகளுக்கு மட்டும் வருவதல்ல, உறுப்பின் அளவைப் பற்றி மனம் குமையும் ஆண் பிள்ளைகள் வெளியே சொல்வதில்லை, அவ்வளவுதான். மூன்றாவது, பழகிப் போவது. அந்தரங்கப் படம் கேட்பதும் அனுப்புவதும் சாதாரணம் என்று ஆகிவிட்டால், பிறகு யாராவது அத்துமீறும்போது அது அத்துமீறல் என்றே தோன்றாது.

எந்தப் பிள்ளைகளுக்குப் பாதிப்பு அதிகம்?

வயது குறைந்தவர்கள். முன்பே பாலியல் கொடுமைக்கு ஆளானவர்கள்; இவர்களுக்கு ஒரு படமே பழைய நினைவைக் கிளறிவிடும். வீட்டில் பேச ஆளில்லாதவர்கள். உள்ளடக்கத்தின் தன்மையும் முக்கியம்: வன்முறை கலந்தது, திரும்பத் திரும்ப வருவது, தெரிந்தவரே அனுப்பியது ஆகியவை அதிகம் உலுக்கும். எல்லாவற்றிலும் கொடியது, படத்தில் இருப்பது தானே என்பது.

பிள்ளை வந்து சொல்கிறது. முதல் பத்து நிமிடம் என்ன செய்வது?

பிள்ளைக்கு நடப்பதில் பெரும் பகுதி இந்தப் பத்து நிமிடத்தில்தான் முடிவாகிறது என்பது எங்கள் கருத்து. படத்தை மறக்கும் பிள்ளைகள்கூட, சொன்னபோது அப்பாவின் முகம் மாறியதை மறப்பதில்லை.

செய்து கொண்டிருந்ததை நிறுத்திவிட்டு உட்காருங்கள். போனைக் கேட்காதீர்கள், முதலில் கேட்பது பிள்ளையின் பேச்சை. தொடக்கத்துக்கு இவ்வளவு போதும்: "சொன்னியே, ரொம்ப நல்லது. உன் மேல கோபம் இல்ல. உன் தப்பும் இல்ல." பிறகு திறந்த கேள்வி: "என்ன நடந்துச்சு, உனக்கு எப்படித் தோணுதோ அப்படிச் சொல்லு." என்ன பார்த்தாய் என்று காட்சி காட்சியாக விசாரிக்காதீர்கள், அதை மறுபடி மனதில் ஓட்ட வைப்பது வேதனையைக் கூட்டும். உங்களுக்குத் தெரிய வேண்டியவை நான்குதான்: எங்கிருந்து வந்தது, அனுப்பியவர் தெரிந்தவரா, ஏதாவது கேட்டார்களா அல்லது மிரட்டினார்களா, பிள்ளை பதிலுக்கு ஏதாவது அனுப்பியதா. நான்காவதைக் கேட்கும்போது குரல் மாறக்கூடாது. "அனுப்பியிருந்தாலும் பரவாயில்ல, சேர்ந்து சரி பண்ணலாம்" என்பதைக் கேள்விக்கு முன்பே சொல்லிவிடுங்கள். இல்லையென்றால் 'இல்லை' என்ற பதில்தான் வரும்.

பெரும்பாலும் சறுக்குவது 'நீ ஏன் அதைத் தொட்டே?' என்ற ஒரே கேள்வியில். விசாரணை தொடங்கிவிட்டது என்று பிள்ளை புரிந்துகொண்டு வாயை மூடிவிடும்.

பாதுகாப்புக்காகப் போனை வாங்கி வைத்துவிடலாமா?

வேண்டாம். சொன்னதற்குக் கிடைத்த தண்டனை என்றே பிள்ளை எடுத்துக்கொள்ளும். அடுத்த முறை சொல்லாது. மிரட்டல் நடந்து கொண்டிருந்தால் மட்டும், ஆதாரம் அழியாமலிருக்க, பிள்ளையின் சம்மதத்தோடு நீங்கள் வாங்கி வைக்கலாம். பேசிக்கொள்ள வேறொரு போனைக் கொடுத்துவிட்டு.

அந்தப் படம் மனதில் திரும்பத் திரும்ப வருகிறது என்கிறாள். என்ன சொல்வது?

'நினைக்காதே' என்று மட்டும் சொல்லக்கூடாது. அடக்க முயலும் எண்ணம் இன்னும் வேகமாகத் திரும்பி வரும். "வந்தா வந்துட்டுப் போகட்டும், அது வெறும் படம், கொஞ்ச நாள்ல மங்கிடும்" என்று சொல்லுங்கள். வரும் நேரத்தில் கண்ணுக்கும் கைக்கும் சேர்த்து வேலை கொடுப்பது உதவக்கூடும்: டெட்ரிஸ் போன்ற கட்டம் அடுக்கும் விளையாட்டு, வரைதல், ரூபிக்ஸ் கனசதுரம். அதிர்ச்சியான காட்சிகளைப் பார்த்த சில மணி நேரத்துக்குள் டெட்ரிஸ் ஆடிய பெரியவர்களுக்கு அந்தக் காட்சிகள் தானாக மனதில் வருவது குறைந்ததாக 2009, 2010 ஆண்டுகளின் ஆய்வக்கூடச் சோதனைகள் காட்டின. பதின்ம வயதினரிடம் இந்தக் குறிப்பிட்ட சூழலில் சோதித்தவை அல்ல அவை. இருந்தாலும் செய்து பார்ப்பதில் நஷ்டமில்லை. தூங்கும் முன் ஒரு மணி நேரம் போன் வேறு அறையில் இருக்கட்டும், வீட்டில் எல்லாருடைய போனும்.

ஆதாரம் எடுப்பது, புகார் செய்வது, பிளாக் செய்வது: எதை முதலில்?

இதே வரிசையில்தான். கோபத்தில் முதலில் பிளாக் செய்தால், பல செயலிகளில் அந்தக் கணக்கை மறுபடி கண்டுபிடிப்பது கஷ்டம். அரட்டையை அழித்தால் புகாருக்கு ஒன்றும் மிஞ்சாது.

அனுப்பியவரின் யூசர்நேம், சுயவிவரப் பக்கத்தின் இணைப்பு, போன் எண் இருந்தால் அது, தேதி, நேரம், எழுத்துச் செய்திகளின் ஸ்கிரீன்ஷாட் ஆகியவற்றை எடுங்கள். காட்சிப் பெயரை மட்டும் எடுத்தால் பயனில்லை, அது நொடியில் மாறிவிடும். இங்கே ஓர் எச்சரிக்கை: படத்தில் இருப்பவர் 18 வயதுக்குக் கீழ் என்றால் அந்தப் படத்தை ஸ்கிரீன்ஷாட் எடுக்கவோ, ஆசிரியருக்கோ உறவினருக்கோ அனுப்பவோ கூடாது. நல்ல நோக்கமாக இருந்தாலும் அது பெரும்பாலான நாடுகளில் குற்றம். எங்கே இருக்கிறது என்று எழுதி வைத்துக்கொண்டு காவல்துறையிடம் சாதனத்தையே காட்டுங்கள்.

பிறகு செயலிக்குள்ளேயே, கணக்கை மட்டுமல்லாமல் அந்தக் குறிப்பிட்ட செய்தியை அழுத்திப் பிடித்துப் புகார் செய்யுங்கள். அதன்பின் பிளாக்.

தன் அந்தரங்கப் படத்தை வைத்து மிரட்டுகிறார்கள் என்று பிள்ளை சொன்னால்?

பணம் கொடுக்காதீர்கள், இன்னொரு படமும் அனுப்பக்கூடாது. கொடுத்தால் நின்றுவிடும் என்பது பொய். கொடுப்பவர் என்று தெரிந்தால் தொகை ஏறும். பணத்துக்காக மிரட்டும் கும்பல்கள் பெரும்பாலும் 14–17 வயது ஆண் பிள்ளைகளைத்தான் குறி வைக்கின்றன. பெண் போல நடித்துப் பழகி, சில மணி நேரத்துக்குள் படத்தை வாங்கி, நண்பர் பட்டியலின் ஸ்கிரீன்ஷாட்டோடு மிரட்டல் தொடங்கும். அந்த வேகம் திட்டமிட்டது. யோசிக்கவோ யாரிடமாவது சொல்லவோ நேரம் கொடுக்காமல் இருப்பதற்காக.

பதில் போடுவதை நிறுத்துங்கள். மேலே சொன்னபடி ஆதாரம் எடுத்து, பிளாக் செய்து, சைபர் குற்றப் பிரிவில் புகார் கொடுங்கள். கூடவே 'டேக் இட் டவுன்' என்ற இலவசச் சேவையைப் பயன்படுத்துங்கள். அமெரிக்காவின் காணாமல் போன, சுரண்டப்படும் குழந்தைகளுக்கான தேசிய மையம் நடத்துவது. 18 வயதுக்குள் எடுத்த படங்களுக்கு உரியது. பெயர் கொடுக்க வேண்டியதில்லை. படம் உங்கள் சாதனத்தை விட்டு வெளியே போகாது. அதன் ஹாஷ், அதாவது எண்ணும் எழுத்தும் கலந்த கைரேகை போன்ற ஒரு குறியீடு மட்டும், சேர்ந்திருக்கும் நிறுவனங்களுக்குப் போகும். குறைகளும் உண்டு: சேராத தளங்களில் வேலை செய்யாது, மறையாக்கம் செய்த (பேசுபவர்கள் மட்டுமே படிக்க முடிந்த) அரட்டைகளுக்குள் போய்த் தேடாது. இதைச் செய்வதற்கு மூலப் படம் சாதனத்தில் இருக்க வேண்டும் என்பதால் பதற்றத்தில் முதலில் அழித்துவிடாதீர்கள்.

இந்த மிரட்டலில் சில பிள்ளைகள் சில மணி நேரத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டிருக்கிறார்கள். எனவே அன்றிரவு பிள்ளையைத் தனியாக விடாதீர்கள், 'சாகணும்னு தோணுதா?' என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைக்காது.

முகத்தை ஒட்டிச் செய்த போலிப் படம் என்றால்?

அதே நடைமுறைதான். செயற்கை நுண்ணறிவால் செய்த படங்களையும் டேக் இட் டவுன் ஏற்றுக்கொள்கிறது. 'அது நீ இல்லையே, விடு' என்று ஆறுதல் சொல்லாதீர்கள். பார்ப்பவர்களுக்கு அது இந்தப் பிள்ளைதான், அவமானம் உண்மையானது.

எந்த அமைப்புகளை மாற்றினால் வருவது குறையும்?

வாட்ஸ்அப்பில் மூன்று. மீடியா ஆட்டோ டவுன்லோடை மொபைல் டேட்டா, வைஃபை, ரோமிங் மூன்றிலும் முற்றாக அணையுங்கள். பிரைவசியில் குரூப்பில் சேர்க்கும் உரிமையை 'என் தொடர்புகள்' என்று மாற்றுங்கள். தெரியாத எண்களின் அழைப்பை மௌனமாக்குங்கள். டெலிகிராமிலும் குரூப், சேனல் சேர்க்கைக்கு இதே மாற்றத்தைச் செய்யுங்கள். ஐபோனில் ஏர்டிராப் 'தொடர்புகள் மட்டும்' என்றிருக்கட்டும். நிர்வாணப் படத்தை மங்கலாக்கிக் காட்டும் தகவல்தொடர்புப் பாதுகாப்பு வசதி ஸ்கிரீன் டைமுக்குள் இருக்கிறது. சோதனை சாதனத்திலேயே நடக்கும், படம் ஆப்பிளுக்குப் போகாது. இன்ஸ்டாகிராமில் கணக்கின் பிறந்த ஆண்டைச் சரிபாருங்கள். சேரும்போது வயதைக் கூட்டிச் சொன்ன பிள்ளைக்கு, பதின்ம வயதினருக்கான தானியங்கிப் பாதுகாப்பு கிடைக்காமல் போகலாம்.

வீட்டு வைஃபை ரூட்டரில் டிஎன்எஸ் (தளத்தின் பெயரை வைத்து அதன் இணைய எண்ணைத் தேடித் தரும் சேவை) முகவரியை 1.1.1.3, 1.0.0.3 என்று மாற்றினால் பெரும்பாலான ஆபாசத் தளங்கள் திறக்காது, செலவில்லை. ஆனால் இதை நம்பி நிம்மதியாக உட்கார்ந்துவிட முடியாது. மொபைல் டேட்டாவுக்கு மாறினால் போச்சு. விபிஎன் (இணைப்பை வேறொரு கணினி வழியாகத் திருப்பிவிடும் செயலி) போட்டாலும், பிரவுசரில் பாதுகாப்பான டிஎன்எஸ் இயங்கினாலும் போச்சு. செயலிகளுக்குள் நண்பர் அனுப்பும் வீடியோவை இது தொடவே தொடாது. ஃபில்டர் தற்செயலான சந்திப்புகளைக் குறைக்கும், அதற்கு மேல் எதிர்பார்க்க வேண்டாம்.

ஒரு வீடியோ வந்த பிறகு ஃபீட் முழுக்க அதே மாதிரி வருகிறது. ஏன்?

அதிர்ச்சியில் உறைந்து ஐந்து நொடி நின்றாலும், ரசித்து ஐந்து நொடி நின்றாலும் அல்காரிதத்துக்கு, அதாவது அடுத்து எதைக் காட்டுவது என்று முடிவு செய்யும் நிரலுக்கு, வித்தியாசம் தெரியாது. நின்றதைக் கணக்கில் எடுத்து இன்னும் கொண்டுவரும். பிள்ளைக்கு இதை விளக்குங்கள், பாதிக் குற்ற உணர்வு போய்விடும். 'ஆர்வமில்லை' என்பதை ஒவ்வொன்றுக்கும் அழுத்த வேண்டும். யூடியூபில் அந்த வீடியோவைப் பார்த்தவற்றின் வரலாற்றிலிருந்து நீக்குங்கள். டிக்டாக், இன்ஸ்டாகிராம் இரண்டிலும் பரிந்துரைகளை முழுதாகத் துடைத்துப் புதிதாகத் தொடங்கும் வசதி இருக்கிறது.

வகுப்பு குரூப்பில் பரவிவிட்டது. ஆசிரியர் என்ன செய்ய வேண்டும்?

யாருடைய போனையும் வாங்கிப் படத்தைத் திறந்து பார்க்காதீர்கள், யாரிடமும் 'எனக்கு அனுப்பு' என்று சொல்லாதீர்கள். யார் பெயரும் சொல்லாமல் வகுப்பு முழுவதற்கும் ஒரே செய்தி: வைத்திருப்பவர்கள் யாருக்கும் அனுப்பாமல் இருங்கள், கலக்கமாக இருப்பவர் இன்னாரிடம் வாருங்கள். படத்தில் இருப்பவர் மாணவர் என்றால், பள்ளியின் குழந்தைப் பாதுகாப்புப் பொறுப்பாளர் வழியாகப் பெற்றோருக்கும் காவல்துறைக்கும் அன்றே தெரிவிக்க வேண்டும். பாதிக்கப்பட்ட மாணவியை விடுப்பில் அனுப்புவது பல இடங்களில் நடக்கும் அபத்தம். தண்டனை யாருக்கு என்று வகுப்பே அதைப் பார்த்துப் படித்துக்கொள்ளும்.

எப்போது மனநல நிபுணரிடம் போக வேண்டும்?

தூக்கமின்மை, கெட்ட கனவு, பள்ளிக்குப் போக மறுப்பது, எரிச்சல் ஆகியவை முதல் சில நாட்கள் இருப்பது இயல்பு. பெரும்பாலும் இரண்டு, மூன்று வாரத்தில் தணியும். நான்கு வாரம் தாண்டியும் தொடர்ந்தால் போங்கள். தன்னைக் காயப்படுத்திக்கொள்வது, சாவைப் பற்றிய பேச்சு, தான் பார்த்ததை இளைய பிள்ளைகளிடம் செய்து பார்ப்பது ஆகியவற்றில் ஏதேனும் தெரிந்தால் அன்றே போக வேண்டும். கடைசியாகச் சொன்னதைப் பார்த்ததும் 'இவன் குற்றவாளி' என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பிள்ளைக்கும் உதவி தேவை, இளைய பிள்ளைக்குப் பாதுகாப்பும் தேவை.

பிள்ளை ஒன்றும் சொல்லவில்லை. பிரவுசர் ஹிஸ்டரியில் நானே பார்த்தேன். இப்போது?

ஒரு நாள் ஆறப் போடுங்கள். முதலில் நேரத்தைப் பாருங்கள்: ஒரே ஒரு இணைப்பு, சில நொடியில் வெளியேறியது என்றால் விளம்பரமாகவே இருக்கக்கூடும். பல நாட்கள் திரும்பத் திரும்ப என்றால் பேச்சு வேறு திசையில் போக வேண்டும். இரண்டிலும், பார்த்ததை மறைத்து வைத்துக்கொண்டு 'ஏதாவது சொல்லணுமா?' என்று தூண்டில் போடாதீர்கள். பிள்ளை மாட்டிக்கொண்டதாக உணரும். காரில் போகும்போதோ பாத்திரம் கழுவும்போதோ, முகத்துக்கு முகம் பார்க்காத ஒரு நேரத்தில், நேராகவே சொல்லுங்கள்: "உன் போன்ல ஒரு லிங்க் பார்த்தேன். நீயா போனியோ, அதுவா வந்துச்சோ, திட்டப் போறதில்ல. அதுல காட்டுறது பாதிக்கு மேல நடிப்பு, அதைப் பத்தி உனக்குக் கேள்வி இருந்தா நான் இருக்கேன்." அன்று பதில் வராமல் போகலாம். இரண்டு வாரம் கழித்து ஒரு முறை, அவ்வளவே சுருக்கமாக, மறுபடி கேளுங்கள்.